லண்டனில் அடித்த விசில்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசையில் தோல் தரம் பிரித்தவர் அவர். வெள்ளைத் தாடி, எதையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், பிஸ்கட்டைக்கூட.

இளமையில் வேலையாக லண்டன் போனபோது, ஒரு ராக் கச்சேரியில் இருபது நிமிடப் பாட்டின் நடுவே விசில் அடித்தாராம். யாரும் நம்பியதில்லை. அந்தக் கச்சேரியின் ஒலிநாடா இப்போதுதான் கிடைத்து இணையத்தில் வெளியானது. என் ஹெட்போனில் மூன்று முறை கேட்டார். விசில் இல்லை.

"கூட்டத்தோட சத்தத்தைக் கம்மி பண்ணியிருப்பாங்க, பாய்."

"இன்னாம்மா இது! கீறலைத் தேய்ச்சி பஃப் பண்ணிட்டானுங்களா? கீறல் இருந்தாத்தானே அசல் தோலு!"

பாட்டை ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். சரியான இடத்தில், இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தார். சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்து மொத்தப் பிரிவும் டிபன் பாக்ஸோடு எழுந்து போனது, மேனேஜர் உட்பட.

நான் இப்போது லண்டனை நம்புகிறேன். ஒலிநாடாவைத்தான் நம்பவில்லை.