கவிழ்த்துப் பார்த்து வாங்கிய ஃபைல்

அமிர்தத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தின் மேல் அவளுக்கு இருந்த பயம், படித்தவர்களுக்குக்கூட இருக்காது. மூங்கில்துறைப்பட்டு பக்கம் இருபது வருஷமாகக் கரும்பு வெட்டப் போகிறவள். புருஷன் பிச்சைமுத்து பெங்களூரில் கம்பி கட்டும் வேலை. பொங்கலுக்கு வந்து முகம் காட்டுவதோடு சரி. ஒரு வருஷம் அரசாங்க வீட்டுக்கு அவள் பெயர் வந்தது. பார்த்து வந்ததே ஒரு மழை! கூரை ஒழுகி, பெட்டிக்குள் இருந்த அத்தனை காகிதமும் களி மாதிரி குழைந்துபோனது. ஆபீசில் போய் நின்று அழுதாள். "காகிதம் இல்லாம நான் இன்னாம்மா பண்ண முடியும்?" என்று கேட்டுவிட்டு அங்கிருந்த எழுத்தர் டீ குடிக்கப் போய்விட்டார். வீடு வேறு யாருக்கோ போயிற்று.

அன்றிலிருந்து அமிர்தம் அடிக்கடி ஒன்று சொல்வாள்: "மனுசன் நனைஞ்சா தொடச்சிக்கலாம், காகிதம் நனைஞ்சா கத முடிஞ்சிது."

இப்போது அந்த வீட்டில் காகிதம் என்றால் மகள் தேவிப்ரியாவின் சான்றிதழ்கள்தான். அரசாங்க எழுத்தர் வேலைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதித் தவறவிட்டவள், மூன்றாவது தடவை தேறிவிட்டாள். சென்னையில் அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டால் வேலை கைக்கு வந்த மாதிரிதான். அவள் மதிப்பெண்ணுக்குப் பொதுப் பட்டியலில் இடம் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் மட்டும் இருந்தது. அதற்குப் பள்ளித் தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்த ஒரு தாள்தான் ஆதாரம். அமிர்தத்துக்கு அந்தத் தாளை மட்டும் பார்த்ததும் தெரியும், பச்சையை வைத்து.

"மஞ்சப்பையில எடுத்துக்கினு போனா மதிப்பாங்களாடி? வா, நல்ல ஃபைலா வாங்கலாம்" என்று மகளைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நோட்டுப் புத்தகக் கடையில் கடைக்காரர் இரண்டு ஃபைல்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் உள்ளே இரும்பு வளையங்கள். பிளாஸ்டிக் உறைகளை அதில் கோத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் உறைகள் ஃபைலோடு ஒட்டியே இருந்தன.

"ரிங் ஃபைலே எடுத்துக்கோங்க. எந்தத் தாளு கேக்கறாங்களோ அத மட்டும் கவரோட கழட்டிக் குடுத்துடலாம்" என்றார் கடைக்காரர்.

தேவிப்ரியாவுக்கும் அதுதான் பிடித்தது. அமிர்தம் விடுவாளா? வளையத்தைத் திறந்து பார்த்தாள். எலிப்பொறி மாதிரி டக்கென்று பிளந்துகொண்டது. "இதுவா? பஸ்சுல ஒரு இடி இடிச்சா வாயப் பொளந்துடும். காத்துல பறக்கற காகிதத்த யாரு போயி பொறுக்கறது?" என்றாள். கடைக்காரரிடமே நாலு பழைய ரசீதுகளை வாங்கி, ஒட்டின ஃபைலில் செருகி, தலைகீழாகக் கவிழ்த்து, புளியம்பழம் உலுக்குகிறவள் மாதிரி உலுக்கினாள். ஒன்றுகூட விழவில்லை. கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"எம்மா, மானத்த வாங்காத" என்றாள் தேவிப்ரியா.

"மானம் கெடக்குது. இதக் குடுங்க சாமி" என்றாள் அமிர்தம்.

வேலைக்கான பரீட்சையை மகள் எழுதினாள், ஃபைலைத் தேர்ந்தெடுத்தது நான் என்று அவளுக்கு ஒரு பெருமை. இருக்கட்டுமே! மகளின் படிப்பில் அவள் கை வைக்க முடிந்த ஒரே இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை சென்னையில் சரிபார்ப்பு. புதன்கிழமை சரஸ்வதி பூஜை. தேவிப்ரியா தோழியிடம் நல்ல சுடிதார் ஒன்று இரவல் வாங்கப் போயிருந்தாள். அமிர்தம் வீட்டைக் கழுவி, கரும்பு வெட்டும் கத்திக்குப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஃபைலை வைத்து அட்டையிலும் ஒரு பொட்டு வைத்தாள். மனசு ஆறவில்லை. பிளாஸ்டிக் அட்டைக்கு வைத்த பொட்டு உள்ளே இருக்கிற காகிதத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஒவ்வொரு தாளாக வெளியே எடுத்தாள். மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு பொட்டு வைத்தாள். ஏன் அடியில்? ஆயுசு முழுக்க அவள் கைநாட்டு வைத்த இடம் அதுதான். காகிதத்துக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத் தாளுக்கு மட்டும் மஞ்சளை இன்னும் கொஞ்சம் தாராளமாக, கையெழுத்தை ஒட்டியே வைத்தாள். ஈரம் காயும் முன்னே எல்லாவற்றையும் உறைக்குள் திரும்பச் செருகிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள்தானே எடுக்க வேண்டும். யாரும் தொடவில்லை.

வியாழக்கிழமை தேவிப்ரியா ஃபைலைத் திறந்தாள். மற்றத் தாள்களில் எல்லாம் மஞ்சள் கறை, அவ்வளவுதான். அதெல்லாம் அச்சடித்த எழுத்து, ஒன்றும் ஆகவில்லை. பச்சைத் தாள் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தாள். தாள் வந்தது. கையெழுத்து வரவில்லை. அது பிளாஸ்டிக்கில் தங்கிவிட்டது, முத்திரையும் சேர்ந்து. தாளில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு ஈரத் திட்டுதான் மிச்சம்.

பதறிப்போய்த் தாளை உள்ளே தள்ளினாள். அப்போது பார்த்தால் கையெழுத்து அதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. உறைக்குள் இருக்கிற வரைக்கும் அது நல்ல சான்றிதழ். வெளியே வந்தால் வெறும் தாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

"இன்னாம்மா பண்ண நீ?" என்றாள் தேவிப்ரியா.

அமிர்தத்துக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைமையாசிரியருக்குப் போன் போட்டார்கள். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "நான் ஊர்ல இருக்கேன்மா. காலாண்டு லீவு. ரெஜிஸ்டரப் பாத்துதான் புதுசா எழுதணும், பீரோ சாவி கிளார்க்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை வந்துடு, ஒடனே போட்டுத் தரேன்" என்றார். திங்கட்கிழமை! வெள்ளிக்கிழமைக்குத் திங்கட்கிழமை எதற்கு?

"அந்தக் கவர மட்டும் வெட்டி எடுத்துக்கினு போலாமா கண்ணு?" என்று கேட்டாள் அமிர்தம்.

"வெட்டினா திருட்டுத்தனம் பண்ணேன்னு நெனைப்பாங்கம்மா."

கடைக்காரர் சொன்னது அமிர்தத்தின் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கவரோட கழட்டிக் குடுத்துடலாம். அந்த மகராசன் சொன்னதைக் கேட்டிருந்தால்!

வெள்ளிக்கிழமை சென்னையில் அமிர்தத்தைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கூட வந்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அமிர்தம் வேப்பமரத்தடியில் நின்று தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொன்னாள். வேண்டிக்கொண்டதும் ஒன்றே ஒன்றுதான்: கவரிலிருந்து எடுக்கச் சொல்லக் கூடாது. வேறு எதைக் கேட்பதென்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் தேவிப்ரியா வந்தாள். ஃபைலை மார்போடு அணைத்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"அசல எடுத்துக் குடுன்னாங்கம்மா. எடுத்தேன். கையெழுத்து எங்கன்னாங்க. கவர்ல இருக்குன்னேன். பின்னால நின்னவங்கல்லாம் சிரிச்சிட்டாங்க."

"அப்பறம்?"

"அசல் செல்லாது, தமிழ் வழி ஒதுக்கீடு இல்லன்னு எழுதிட்டாங்க. மனு போடலாமாம். எடுத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாதாம்."

"எங்கம்மா கைநாட்டு, அவ பண்ண வேலைன்னு சொல்ல வேண்டியதுதானடி? காலத் தொட்டுக் கும்பிட நான் வந்திருப்பேனே!"

"சொல்லல."

"இன்னாதான் சொன்ன?"

"கூரை ஒழுகி நனைஞ்சிடுச்சின்னு சொன்னேன்."

அமிர்தம் நடு ரோடு என்றுகூடப் பார்க்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத் திட்டிடேன் கண்ணு, ஒரு வார்த்த திட்டிடேன்" என்று கெஞ்சினாள். தேவிப்ரியா திட்டவில்லை. "பஸ்சு போயிடும், வாம்மா" என்றாள்.

திரும்பி வரும் பஸ்சில், திண்டிவனம் தாண்டியதும் தேவிப்ரியா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அமிர்தம் ஃபைலை மெல்ல அவள் மடியிலிருந்து எடுத்தாள். திறந்து பச்சையைப் பார்த்தாள். மூடினாள். பிறகு, கடையில் செய்த மாதிரியே, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாள்.

ஒரு தாள்கூட விழவில்லை.