நான் உருவிய ஸ்விட்ச்

நந்தனத்தில் எங்கள் டேட்டா சென்டரில், ஒரே பெட்டிக்குள் வரிசையாகச் செருகிய பிளேடு சர்வர்களுக்கு இணைப்பு தருபவை இரண்டு அதிவேக ஸ்விட்ச்கள். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். அன்று காலை பழுதானதை மாற்றப் போன நான், அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை உருவிவிட்டேன். அந்த சர்வர்களை நம்பியிருந்த ஒரு மருத்துவமனையின் கணினிகள் மொத்தமும் நின்றுபோயின.

உடனே திரும்பச் செருகினேன். அது உயிர்பெறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மேனேஜர், "ஆஸ்பத்திரி லைன் போயிடுச்சு" என்று ஓடிவந்தார். பக்கத்தில் ஏசி சர்வீஸ் செய்துகொண்டிருந்த பஷீர் பாயிடம், "ஒயர்ல கை வெச்சியா? இனிமே உள்ள வராத" என்று கத்தினார். நான் செய்ததைப் பஷீர் பார்த்திருந்தார். ஆனாலும் பேசாமல் வெளியே போனார். நானும் வாய் திறக்கவில்லை.

இணைப்பு வந்ததும் லிஃப்ட் அருகே ஓடிப்போய், "ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க லைன் வர வெக்கப் பாத்துக்கினு இருந்தீங்க மேடம். அந்த நேரத்துல இன்னா சொல்றது? ஆஸ்பத்திரி லைன் வந்துச்சா?"

அவரையும் அழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மேனேஜர் பஷீரிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அந்தச் சில நிமிடங்களும் நான் என் வேலையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். திட்டு வாங்கிய மனிதர் யாரோ நோயாளிகளை நினைத்திருக்கிறார். அது இன்றும் என்னை உறுத்துகிறது.