சிவபாதம் அண்ணையின் ஹரிக்கேன்

சிவபாதம் அண்ணை போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் அவருடைய களிசானைப் போட்டுக்கொண்டு நின்றேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. கொழும்பு வெள்ளவத்தையில் எப்படியும் கதை பரவிவிடும். என்னுடையதில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது. அவருடையது இடுப்புச் சுருக்கத் தந்தபடி கடையில் தொங்கியது. தையற்காரனுக்கு இது பெரிய பாவமில்லை. ஆனால் செத்தவரின் களிசானோடு செத்தவீட்டுக்குப் போகலாமா? கழற்றி வைத்துவிட்டு, ஈரத்தையே மாட்டிக்கொண்டு பாமன்கடையில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: எந்தக் கதை தொடங்கினாலும் அவரிடம் அது கடைசியில் ஹரிக்கேனில்தான் போய் இறங்கும். மீன் விலை கேட்டாலும் அப்படித்தான். உலகப் போரில் பறந்த, மூக்கில் ஒற்றைக் காற்றாடி சுழலும் வெள்ளைக்காரனின் சண்டை விமானம் அது. ஜப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட்ட காலையில், தகப்பனின் தோளில் இருந்தபடி அவை எழும்பிப் போனதைப் பார்த்தவர் அண்ணை. "போனது கனக்க. வந்தது குறைவு" என்பார். அந்த இடத்தில் மட்டும் நான் பகிடி விடுவதில்லை.

மற்ற இடமெல்லாம் விடுவேன். எனக்குத் துணை, பக்கத்துக் கடையில் ஆணியும் பெயின்ற்றும் விற்கும் ரஃபீக் நானா. அவர் ஜப்பான்காரனின் சீரோ விமானத்தின் கட்சி. எதிர்க்க ஆள் வேண்டுமே, அதற்காக.

"எங்கட சீரோ வளைஞ்சு திரும்பக்குள்ள உங்கட ஹரிக்கேனுக்குத் தலை சுத்தும்" என்பார் நானா.

"வளையும். ஒரு பொறி பட்டா எரியவும் செய்யும். பாரம் குறைக்கிறம் எண்டு ஓட்டுறவனுக்கு முதுகில ஒரு தகரம் வைக்கேல்லை. எங்கடதுக்குப் பின்னுடம்பு முழுக்கத் துணி. சுடுற சன்னம் ஒரு பக்கத்தால பூந்து மற்றப் பக்கத்தால போயிடும். துணி கிழிஞ்சா தைக்கலாம் நானா. தகரம் கிழிஞ்சா பட்டறைக்குப் போகவேணும்."

"அப்ப போரை வெண்டது தையற்காரன்" என்றேன் நான்.

"உன்னை மாதிரி ஒருத்தன் தைச்சிருந்தா தோத்திருப்பம்" என்றார் அண்ணை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று போன வருஷம் தெரிந்தது. மெல்லிய மரக்குச்சிகளை ஒட்டி, கை நீளத்தில் ஒரு ஹரிக்கேன் செய்தார். வயிற்றுக்குள் முறுக்கி விடும் இறப்பர். வாலைச் சற்றே திருப்பி வைத்தால் வட்டமடித்துத் திரும்பி வரவேண்டும். "சாப்பாட்டு மேசையை எயார்போட் ஆக்கிப்போட்டுது இந்த மனிசன்" என்று அவர் மனைவி பரமேஸ் அக்கா எல்லாரிடமும் முறையிட்டா. அண்ணை என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "ஒண்டாவது கடலுக்கு மேல போய்த் திரும்பி வரவேணும் மணி. அதைப் பாத்தாப் போதும்."

துணி போர்த்தியவன் நான். உண்மையானதைப் போல இதற்கும் துணி தைத்துத்தான் போர்த்த வேண்டும் என்று அடம்பிடித்தார். தைத்தேன். ரெயில் பாதை தாண்டிக் கடற்கரைக் கல்லில் ஏறி நின்று அதைப் பறக்க விட்டோம். "இது போய்த் திரும்பி வந்தா நான் ஹரிக்கேன் கட்சி" என்றார் நானா. அது இடது பக்கம் சரிந்து, நேரே கல்லில் போய்க் குத்தியது.

அண்ணை அதை எடுத்து இடது செட்டையைத் தடவினார். "இதென்ன உள்ளுக்க தடிப்பு?"

"மிச்சத் துணி அண்ணை. உள்ளுக்க மடிச்சு விட்டனான். பிறகு பெருப்பிக்கலாமெல்லே." பள்ளிக்கூட உடுப்பெல்லாம் அப்படித்தான் தைப்பேன். கை அப்படிப் பழகிவிட்டது.

"ஹரிக்கேன் என்ன, வருஷத்துக்கொரு வகுப்பு ஏறுதே?"

"வலது பக்கமும் மடிக்கத்தான் பாத்தனான். துணி காணேல்லை."

நானா சிரித்து மாளாமல் கல்லில் குந்திவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை. விமானத்தை என் கையில் தந்து, "பிரிச்சுத் தை" என்றார்.

பிரித்துத் தைத்தேன். முறிந்த குச்சிகளை அவர் ஒட்டினார். மழைக் காலம் முடியட்டும் என்று காத்திருந்தோம். மழை நின்றது, அண்ணை இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின்னேரம், சாப்பிட்டுக் கை கழுவிய எங்களைப் பரமேஸ் அக்கா கூப்பிட்டா. மேசையில் ஹரிக்கேன் இருந்தது. "இதைக் கொண்டுபோய் விடுங்கோ. நானும் வாறன்" என்றா.

கடற்கரையில் காற்று அடங்கியிருந்தது. நானா இறப்பரை முறுக்கினார். "போயிட்டு வா வாப்பா" என்று அதனிடம் சொன்னார். நான் விட்டேன். கல்லைத் தாண்டியது. அலையைத் தாண்டியது. மெல்ல எழும்பி, தண்ணீருக்கு மேலேயே வலப்பக்கம் வளையத் தொடங்கியது. பிறகு அக்கா, "வருது" என்றா.

வந்தது.

அது இப்போது என் கடையில் தொங்குகிறது. அக்கா தந்தது. அதோடு அண்ணையின் பழக்கம் ஒன்றும் என்னிடம் தங்கிவிட்டது: வானத்தில் சத்தம் கேட்டால் தையலை நிறுத்திவிட்டு, அது போய் மறையும் மட்டும் வாசலில் நிற்பது. அன்று வந்து இறங்கிய ஹரிக்கேனில் ஒரு கீறலும் இல்லை. அது இறங்கிய இடம் ரஃபீக் நானாவின் நெற்றி. இரண்டு தையல். ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.