காய்ச்சின தண்ணீர்

அறுபதுகளில், தீவில் உள்ள ரங்கத் என்ற ஊருக்கு அருகே, சாலை போட வந்த கூலிகளுக்கு முகாம் அமைக்கும் ஓவர்சியராக இருந்தேன். கக்கூஸ்களுக்கு நான் குறித்த இடம், அங்கே நாலா என்று சொல்லும் ஓடையின் கரை. சாலைக்குப் பக்கம் என்பதால் சாமான் இறக்க வசதி.

ஓடையின் கீழ்ப்பக்கம் குடியேறியிருந்த பார்வதி என்னைத் தேடி வந்தாள்.

"ஸாப், அந்த நாலா தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம். கொஞ்சம் தள்ளிக் கட்டக்கூடாதா?"

"ஓடுற தண்ணிம்மா. எல்லாம் கடலுக்குப் போயிடும்," என்றேன். கீழே இறங்கிப் பார்க்கக்கூட இல்லை.

மழை பிடித்ததும் கீழ்க் குடிசைகளில் வாந்திபேதி கண்டது. டாக்டர் வந்து சேர்வதற்குள் பார்வதியின் ஆறு வயது மகள் செல்வி போய்விட்டாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் பார்வதியின் வாசலில் போய் நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்க வெட்கப்பட்டுத் தயங்கினேன். அவள் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பயப்படாமக் குடிங்க ஸாப். காய்ச்சின தண்ணிதான்."

குரலில் கோபமே இல்லை. குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரமே கக்கூஸ்களை இடித்து, ஓடையை விட்டு விலகிக் கட்டினேன். பிறகு எங்கே முகாம் போட்டாலும், முதலில் ஓடையோடு கடல்வரை நடந்து, யார் எங்கே தண்ணீர் மொள்ளுகிறார்கள் என்று விசாரித்தேன். மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

பார்வதி வந்து கேட்ட அன்றே ஓடையோடு கீழே நடந்து பார்த்திருந்தால், அது அரை மணி நேர வேலைதான்.