விழுந்த குதிரைக்கு ஓர் அர்ச்சனை

என் வீட்டுக்காரர் பேர் செந்தமிழ்செல்வன். கடலூர் முதுநகரில் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மாட்டாஸ்பத்திரி செல்வம் என்றால் எங்கள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். கால்நடை மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷமாக உதவியாளர் வேலை. டாக்டர் ஊசி போடும்போது மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்வார், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார், கன்று வயிற்றுக்குள் திரும்பிக்கொண்டால் டாக்டரோடு நின்று இழுப்பார். இதுவரை எந்த மாடும் அவரை முட்டினதில்லை. அதன் காதோரம் என்னவோ சொல்லிக்கொண்டே இருப்பார். என்ன சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அவருக்கு இருக்கிற ஒரே ஆசை பழைய இங்கிலீஷ் சண்டைப் படம். கத்திச்சண்டை, கோட்டை, பாலைவனம், கயிற்றைப் பிடித்துத் தாவுகிற ஆள். பதினாறு பதினேழு வயதில் கடலூர்த் தியேட்டரில் காலைக்காட்சிக்குப் போய்ப் பார்த்த படங்கள். பேச்சு ஒன்றும் புரியாது. புரியாவிட்டால் என்ன, யார் நல்லவன் யார் கெட்டவன் என்று அவன் குதிரை ஏறுகிற தினுசிலேயே தெரிந்துவிடும் என்பார்.

என் தம்பி இளவரசு சிங்கப்பூரில் வெல்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு வந்தபோது ஒரு பிளேயரும் நாலு டிஸ்க்கும் வாங்கி வந்தான்.

"பழைய ஃபிலிமைத் தேடி எடுத்து, கீறல் அழுக்கெல்லாம் போக்கி, புதுசாக்கி விட்டிருக்காங்க மாமா. எடுத்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்" என்றான்.

அப்படியேதான் இருந்தது. தியேட்டரில் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக ஓடினதெல்லாம் இப்போது மணல் மணலாகத் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் டிஸ்க்கைத் தொடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கண் படத்தில் இருந்தாலும் வாய் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாசி மாதம், அவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த படம் ஒன்றைத் தம்பி அனுப்பினான். அன்றைக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இரு இரு, இப்ப வரும் பாரு. ஒத்தக் கால் வெள்ளையா ஒரு குதிர. அகழியத் தாண்டறப்ப உழும். தியேட்டரே எழுந்து நிக்கும்."

வந்தது. விழுந்தது. தியேட்டரில் ஓடின ஃபிலிமில் அந்த இடம் அறுந்து ஒட்டினதாம். குதிரை விழும், அடுத்த நிமிஷம் கதாநாயகன் கத்தியோடு நிற்பான். இந்த டிஸ்க்கில் விட்டுப்போன துண்டையும் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று நாலு செகண்டு இருக்கும். புழுதிக்குள் கிடந்த குதிரை கழுத்தைத் தூக்கி எழப் பார்க்கிறது. மறுபடியும் பார்க்கிறது. அதற்குள் படம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அவர் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"முன்னங்கால ஊணல, பாத்தியா?"

"யாரு?"

"குதிரதான்."

எனக்குப் புழுதிதான் தெரிந்தது. அவர் பின்னால் ஓட்டினார், முன்னால் ஓட்டினார். பதினோரு தடவை நான் எண்ணினேன். அப்புறம் பாதிப் படத்தில் டிவியை அணைத்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளாக அவர் ஒரு படத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

"படந்தானே? நடிப்பா இருக்கும்" என்றேன்.

"ஆளு நடிப்பான். குதிர நடிக்குமா?"

அன்றைக்குப் பிடித்தது கவலை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். பிரஷர் மாத்திரையை நானாக எடுத்துக் கையில் கொடுத்தால்தான் உண்டு. குதிரைக்கு முன்னங்கால் ஒடிந்தால் அதோடு முடிந்தது, சுட்டுவிடுவார்கள் என்று அவர் டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒடிந்ததா, வெறும் சுளுக்கா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் நிறுத்திச் சொன்னார்.

"அந்த எடத்துல நான் விசில் அடிச்சேன் அமராவதி. ஆறு தடவ பாத்தேன், ஆறு தடவயும் பெஞ்சு மேல ஏறி நின்னு அடிச்சேன்."

"தெரியாம அடிச்சதுதானே."

அவர் ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம். இந்தப் படங்களை விட்டால் அவருக்குப் பொழுதுபோக வேறொன்றும் கிடையாது. அதுவும் போய்விட்டால் மனுஷர் என்ன ஆவார்?

தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவன் சிரித்தான்.

"மாமா, அந்தக் குதிர அன்னிக்கு எழுந்து ஓடியிருந்தாலும் இந்நேரம் செத்து அம்பது வருசம் ஆயிருக்கும்."

"சாவட்டும் மச்சான். வயசாயி செத்துச்சா, அங்கயே செத்துச்சான்னுதான் கேக்கறேன்."

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த டிஸ்க்கிலேயே படம் எடுத்த கதையை ஒருத்தர் படம் ஓட ஓடப் பேசுகிற மாதிரி தனியாக வைத்திருப்பார்கள், இங்கிலீஷில் இருக்கும், இளமதியிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள் என்றான்.

இளமதி எங்கள் ஒரே பெண். சிதம்பரத்தில் டீச்சர். அந்தச் சனிக்கிழமையே ரயிலேறினோம். பிளேயரைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சிதம்பரத்தில் இறங்கி நடராஜரைப் பார்க்காமல் நேரே பெண் வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான். வழியில் கோபுரம் தெரிந்தது. ரிக்‌ஷாவில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இதுக்கா ரெண்டு பேரும் இந்த வெயில்ல வந்தீங்க?" என்றாள் இளமதி. ஆனாலும் உட்கார்ந்து கேட்டாள். கேட்கக் கேட்கச் சொன்னாள்.

"அந்தக் கோட்டை முழுக்க அட்டையாம்ப்பா."

"சரி."

"ஹீரோவுக்கு அன்னிக்கு நூத்திரண்டு ஜுரமாம்."

"அவன் பொழச்சிக்குவான். நீ மேல கேளு."

குதிரை வருகிற இடம் வந்தது. அவர் எழுந்து போய்ச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இளமதி பின்னால் ஓட்டி இன்னொரு தரம் கேட்டாள். அவள் முகம் மாறினதை நான் பார்த்தேன். நல்லபடியாகச் சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

"கால்ல ஒயரக் கட்டி ஓடவிட்டு இழுத்தாங்களாம்ப்பா. அப்பதான் அவுங்க நெனச்ச எடத்துல உழுமாம். அப்புறமா அப்படிச் செய்யக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்களாம்."

"இந்தக் குதிர?"

"மொத்தம் ஒம்போது குதிர உழுந்துச்சாம். ரெண்டு எழுந்திரிக்கலியாம். எதுன்னு சொல்லலப்பா."

"அப்ப ஏழு எழுந்துடுச்சி" என்றார். சன்னலைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

திரும்பி வருகிற ரயிலில் ஆலப்பாக்கம் தாண்டினதும் கேட்டார்.

"திருவந்திபுரம் மலை மேல குதிர மொகத்தோட சாமி இருக்காருல்ல?"

தானாகக் கோயிலுக்குக் கூப்பிடுகிற மனுஷர் இல்லை அவர். மறுநாள் காலையிலேயே போனோம். கீழே தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, எதிரே மலைப்படி ஏறி ஹயக்ரீவர் சன்னதிக்கு வந்தோம். பரீட்சை நேரம். பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் ஒரே பெற்றவர்கள் கூட்டம். அவர் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். எங்கள் முறை வந்தது.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் பட்டாச்சாரியார்.

அவர் என்னைப் பார்த்தார். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.

"பையனா, பொண்ணா? பத்தாவதா, பன்னெண்டாவதா?"

"குதிரைங்க சாமி."

"குதிரை வளக்கறேளா?"

"இல்லீங்க. அது அமெரிக்காவுல இருந்துச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"அதாங்க தெரியல."

பின்னால் நின்ற அம்மாள் தன் பையனிடம், "நீ நல்லாப் படிக்கலன்னா நானும் இப்பிடித்தான் வந்து நிக்கணும்" என்று முணுமுணுத்தாள். பட்டாச்சாரியார் சிரித்துவிடப் போகிறாரே, இவர் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாரே என்று பயந்தேன். பட்டாச்சாரியார் சிரிக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டார்.

"உடம்புக்கு முடியலையோ அதுக்கு?"

"காலுங்க. முன்னங்காலு."

"சரி. பெருமாள் பேருக்கே பண்ணிடறேன். எந்தக் குதிரைன்னு அவர் பாத்துப்பார்."

படி இறங்கும்போது அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். மனசு ஆறிற்றா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறவில்லை. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் பிளேயர் மேல் துணி மூடியே கிடந்தது. பழைய டிஸ்க் எல்லாவற்றிலும் குதிரை இருந்தது. தம்பிக்கு நானே போன் பண்ணி, குதிரை இல்லாத சண்டைப் படம் இருந்தால் அனுப்பு என்றேன். அவன் யோசித்துவிட்டு, "அப்ப கப்பல் படந்தான்க்கா" என்றான்.

வைகாசியில் வந்தது. நான்தான் வற்புறுத்தி உட்கார வைத்தேன். கடல் அப்படி ஒரு நீலம். பாயில் போட்ட ஒட்டுத் தையல் கூடத் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து அவர் சாய்ந்து உட்கார்ந்தார். கொள்ளைக்காரர்கள் கயிற்றில் தாவினபோது தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்பாடா என்று பெருமாளுக்குச் சொன்னேன்.

கடைசியில் கெட்டவர்களின் கப்பல் தீப்பிடித்தது. பாய்மரம் சாய்ந்தது, ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள், கப்பல் மெதுவாக முழுகியது. அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அமராவதி."

"என்னாங்க?"

"அந்தக் கப்பல் மேல ஒரு வெள்ளாடு கட்டியிருந்தாங்க."

எனக்கும் தெரியும். தீப்பிடித்ததிலிருந்து நான் வேறெதையும் பார்க்கவில்லை.

"படகுல ஏத்திட்டாங்க. தாடிக்காரன் ஒருத்தன் தோள்ல தூக்கிட்டு எறங்கினான்" என்றேன்.

"நெசமாவா, எனக்கோசரம் சொல்றியா?"

"பெருமாள் மேல ஆணையா பாத்தேங்க."

அவர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். தீ அணைந்தது, பாய்மரம் எழுந்து நின்றது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கமாக நகர்ந்தேன். புகைக்குள்ளிருந்து தாடிக்காரன் வந்தான். அவன் தோளில் ஆடு இருந்தது. நாலு காலையும் உதைத்துக்கொண்டிருந்தது.

அவர் அங்கேயே நிறுத்தி, ஒவ்வொரு காலாக விரலை வைத்துப் பார்த்தார்.