இரண்டாவது ஆட்டக்காரரின் நான்கு சக்கரங்கள்

போன நவம்பரில் மதுரையிலிருந்து திருவனந்தபுரம் போய் வந்தேன். மூன்று நாள். கோவிலுக்கா என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். உண்மையில் நான் போனது நான்கு எண் சக்கரங்களுக்காக. பழைய பின்பால் மெஷின் தேடி அலையும் நாலைந்து பேர் இந்த வலைப்பதிவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு வழியும் செலவும் உதவும். மற்றவர்கள் மலைப்பாதைக்காகப் படிக்கலாம்.

பின்பால் தெரியாதவர்களுக்கு: கண்ணாடி மூடிய சாய்ந்த மேசை, உள்ளே ஓர் எஃகுப் பந்து, பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் பந்தை மேலே தட்டிவிடும் இரண்டு சின்னத் துடுப்புகள். அறுபதுகளில் செய்த மெஷின்களில் சிப் கிடையாது, எல்லாம் மின்காந்தத்தில் திறந்து மூடும் ரிலேயும், கம்பிச் சுருளான காயிலும்தான். புள்ளிகளைக் காட்டுவதுகூட ஆளுக்கு நான்கு எண் சக்கரங்கள். நான் இருபத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலே துடைத்தவன். மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்து பழைய ரிலேக்களை எடைக்குப் போட்டபோது கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. 1994இல் தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் ஒரு மெஷினைப் பார்த்து லாரியில் ஏற்றிவிட்டேன். ஓட வைக்க ஒன்றரை வருடம் ஆனது.

இருவர் மாறி மாறி ஆடும் மெஷின் அது. பின்கண்ணாடியில் துடுப்புப் படகு ஓட்டும் இரண்டு பெண்கள். முதல் ஆட்டக்காரர் நான், இரண்டாவது என் மனைவி வசந்தா. தினமும் சாயங்காலம் காபி குடித்ததும் ஒரு ஆட்டம். நான் ஜெயித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வகை மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினாலும் கடைசி ஆட்டத்தின் எண்கள் அப்படியே நிற்கும். அடுத்த ஆட்டத்துக்கு ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால்தான் இருவர் எண்ணும் பூஜ்ஜியத்துக்கு ஓடும். ஒரு முறை அமுக்கினால் ஒருவர் ஆட்டம், இன்னொரு முறையும் அமுக்கினால் இருவர் ஆட்டம். வசந்தா போய் இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. அவள் கடைசியாக எடுத்தது 2,318. என்னுடையது 1,402. அதற்குப் பிறகு நான் ஸ்டார்ட் அமுக்கவில்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். இதே மாடலிலிருந்து இரண்டாவது ஆட்டக்காரரின் நான்கு சக்கரங்கள் கிடைத்தால், அவளுடையதை எண் கலையாமல் முழுதாக வெளியே எடுத்து ஒரு பெட்டியில் வைத்துவிடலாம். புதிதை மாட்டி மறுபடி ஆடலாம். சும்மா கழற்றிவிட்டு ஆடினால் அந்த இடம் ஓட்டையாக இருக்கும், அதை என்னால் பார்க்க முடியாது. என் தங்கை இதைப் பைத்தியக்காரத்தனம் என்றாள். இருக்கட்டும்.

இரண்டு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு மலையேறும் ஒருவருடைய வலைப்பதிவில், திருவனந்தபுரம் பக்கம் வித்துராவுக்கு மேலே மூடிக்கிடக்கும் தேயிலை எஸ்டேட் கிளப்பின் படம் ஒன்றைப் பார்த்தேன். மூலையில் அதே இரண்டு படகுப் பெண்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டுத்தாவணியில் காலை 5.30க்கு பஸ். நாகர்கோவில் வழி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர், டிக்கெட் 138 ரூபாய். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையம் போய்ச் சேரும்போது மதியம் 1.40. கிழக்கேகோட்டைப் பக்கம் லாட்ஜில் ஒற்றை அறை 220 ரூபாய். ‘ஒராளே உள்ளோ?’, ஒருவர்தானா என்று லாட்ஜ்காரர் இரண்டு முறை கேட்டார். இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. அன்று சாயங்காலமே எஸ்டேட்டின் நகர அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவருக்கு அப்படியொரு மெஷின் இருப்பதே தெரியாது. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘வேண்டிய பாகத்தை எடுக்க அனுமதிக்கவும்’ என்று காவலாளிக்குக் கடிதம் கொடுத்தார்.

மறுநாள் காலை 6.10க்கு வித்துரா பஸ், 19 ரூபாய், ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரு தட்டுக்கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு ஜீப் பேசினேன். போக வர 600. டிரைவர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். “சாரே, மூணு மணிக்கு இறங்கணும். மழை பெய்தா ஞான் நிக்கில்லா.” வழியில் வனத்துறை செக்போஸ்டில் பெயர் எழுத வேண்டும். எத்தனை பேர் என்ற கட்டத்தில் 1 என்று எழுதினேன். மேலே ஏற ஏறப் பாதை கூழாங்கல்லாகி, கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. தேயிலைச் செடிகள் வெட்ட ஆளில்லாமல் மரமாகி நின்றன. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை லயங்களில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

11.20க்கு கிளப்பை அடைந்தோம். காவலாளி பெயர் செல்லத்துரை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். எஸ்டேட் மூடியதும் அவருடைய மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டாராம்; இவர் மட்டும் காவலுக்கு. கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவர், “மெஷினையா? எடுத்தோ சாரே. எனக்கு ஆட ஒரு பக்கம் விட்டா மதி, போதும்” என்றார்.

“நீங்க ஆடுவீங்களா?”

“பின்னே? வேற என்ன பணி இவிடெ? கரண்டு இருந்தா தினமும் ஒரு களி, ஒரு ஆட்டம். ஒத்தைக்குத்தான்.”

அதை அவர் சொல்லியே இருக்க வேண்டியதில்லை. பின்பக்கக் கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஆட்டக்காரரின் சக்கரங்களில் எண்கள் தேய்ந்து 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியவில்லை. காண்டாக்ட் எல்லாம் கருகியிருந்தது. இரண்டாவது ஆட்டக்காரரின் நான்கு சக்கரங்களும் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தன. நான்கிலும் பூஜ்ஜியம், அதன்மேல் மெல்லிசாகத் தூசி. நான் தூசியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் ஆடாத பக்கம்தானே, அவருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அந்தச் சக்கரங்களின் பிளக்கை மட்டும் உருவிவிட்டால் ஒருவர் ஆட்டத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பதிலுக்கு அவருடைய காண்டாக்ட்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் மாற்றி, தளர்ந்த துடுப்பை இறுக்கிக் கொடுத்தேன். நான்கு சக்கரங்களையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தபோது மணி 1.50. அவர் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தார்.

“இன்னும் டைம் உண்டல்லே? ரெண்டு பேரும் ஒரு களி போடுவோம் சாரே. நான் ரெண்டு பேர் களி களிச்சதே இல்ல. வாரவன் எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போவான்” என்றார்.

சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படகுப் பெண்களுக்குப் பக்கத்தில், இரண்டாவது எண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை.

“ஓ, எடுத்தாச்சல்லே” என்றார். “சாரமில்ல, போகட்டும். சாரு களிங்க, நான் பாக்கேன்.”

அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. வசந்தா போன பிறகு, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை காலியாக இருந்தால் நானும் அதே முகத்தோடுதான் உட்காருவேன். இரண்டு வருடம் தேடிய பொருள் என் பையில் இருந்தது. என் வீட்டில் ஓட்டை இருக்கக் கூடாது என்றுதான் அதைத் தேடினேன். அதே ஓட்டையை இங்கே போட்டுவிட்டுப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

துண்டைப் பிரித்தேன். மாட்டுவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது; கழற்றியதைவிட அதிகம். மூன்று மணிக்கு மழை பிடித்தது. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். “நூற்றைம்பது கூடுதல்!” என்று கத்தியதற்குச் சரி என்று நானும் கத்தினேன்.

செல்லத்துரை ஸ்டார்ட்டை இரண்டு முறை அமுக்கினார்.  நான் இரண்டாவது ஆட்டக்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எண்ணுக்கு ஆடினேன். அவர் 1,911. நான் 1,240. கடைசிப் பந்து விழுந்ததும் அவர் போட்ட கூச்சலில் டிரைவர் நனைந்தபடி உள்ளே ஓடிவந்துவிட்டார்.

கிளம்பும்போது செல்லத்துரை மெஷினைத் தடவிக்கொண்டு, “இது இப்படியே நிக்கட்டும் சாரே. இனி நான் ஸ்டார்ட் அமுக்கல. ரெண்டு பேர் களிச்சதுக்கு அடையாளம் வேணுமல்லே?” என்றார்.

“அமுக்குங்க. நாளைக்கே அமுக்குங்க. ஓடாம நின்னா கிரீஸ் இறுகிப்போயிரும்” என்றேன்.

சொன்னது என்னவோ தொழில் காரணம்தான். ஆனால் தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிவிட்டேன். அவர், “அப்ப சாரு இன்னும் வரணும்” என்றார். வருகிறேன் என்றேன். வெறும் கையோடு வித்துராவுக்கு இறங்கினேன்.  

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரில் அட்டை அதிகம், உப்புப் பொட்டலம் எடுத்துப் போங்கள். மேலே கடை இல்லை, கிளம்பும்போதே சோறு கட்டிக்கொள்ளுங்கள். நகர அலுவலகக் கடிதம் இல்லாமல் போக வேண்டாம். என் மொத்தச் செலவு 2,300 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. செல்லத்துரைக்குக் காபித்தூள் கொண்டுபோனால் சந்தோஷப்படுவார். அங்கே பாகம் எதுவும் எடுக்காதீர்கள். முதலில் அவரோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள், ஸ்டார்ட்டை இரண்டு முறை அமுக்க மறக்க வேண்டாம்.

வீடு திரும்பிய மறுநாள் சாயங்காலம் காபி குடித்துவிட்டு என் மெஷினின் ஸ்டார்ட்டை அமுக்கினேன். வசந்தாவின் எண்ணில் 318 கடகடவென்று ஓடிப் பூஜ்ஜியத்தில் நின்றது. முன்னால் இருந்த 2 மட்டும் நகரவில்லை. காயில் உதைத்துக்கொண்டே இருந்தது. கிரீஸ் இறுகிவிட்டிருந்தது. பின்பக்கத்தைத் திறந்து நானே விரலால் தள்ளிவிட்டேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

எழுந்து வந்து, பழக்கத்தில் பொத்தானை இன்னொரு முறையும் அமுக்கிவிட்டேன். என் முதல் பந்து விழுந்ததும் இரண்டாவது ஆட்டக்காரரின் பந்து வந்து நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் அதையும் நானே ஆடினேன். கடைசியில் 640. அந்தப் பக்கத்தில் இவ்வளவு மோசமான எண் இதுவரை விழுந்ததே இல்லை.