வெள்ளை நூலில் கட்டிய ஆமணக்கு விதை

மூலிகைக் கடைக்காரரைத் தெரு முழுவதும் பம்பரம் என்றே அழைக்கும். முகத்துக்கு நேரேயும் அழைக்கும். அவர் கோபித்துக்கொள்வதில்லை, கோபிக்க அவருக்கு நேரம் இருந்தால் அல்லவா? அவர் கடையின் உள்ளளவு ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூடிய அளவே. அதற்குள் அவர் ஒரு நாளில் நடக்கும் நடையை நேராக நடந்திருந்தால் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கலாம் என்பது அவர் மனைவியின் கணிப்பு. இழுப்பறையைத் திறப்பார், மூடுவார், மூடியது சரியாக மூடியதா என்று மறுபடி இழுத்துப் பார்ப்பார். இருமலுக்கென்று வந்தவர் இரண்டாம் முறை இருமுவதற்குள் பொட்டலம் மேசைமேல் இருக்கும்.

“வந்தவங்களைக் கொஞ்சம் பேசவிடுங்களேன். நோயைச் சொல்லி முடிச்சாலே பாதி தீந்துடும்,” என்பார் மனைவி.

“மீதிப் பாதிக்குத்தான் நான் இருக்கேனே,” என்று சொல்லும்போதே அவர் ஏணியில் ஏறியிருப்பார்.

வேகம் உண்டே தவிர, அவர் கவனமில்லாதவர் அல்லர். விளக்கெண்ணெய் கேட்டு வரும் கர்ப்பிணிப் பெண்ணை, “டாக்டர் சொன்னாங்களா? சொல்லலைன்னா கிடையாது. வலியை நீயா வரவழைக்காதே, தாயி,” என்று வெறுங்கையுடன் அனுப்பிவிடுவார். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தை வெள்ளை நூலாலும், மேலுக்குப் பூசவோ கட்டவோ உரிய மருந்தைச் சிவப்பு நூலாலும் கட்டும் வழக்கத்தை அவரே ஏற்படுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், மூக்குக் கண்ணாடியை மறந்து வருகிறவர்களும் தடுமாறக்கூடாது என்பது அவர் எண்ணம். “நூலைப் பாருங்க, வேற எதையும் பாக்காதீங்க,” என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி, வாடிக்கையாளர் அனைவரையும் அதற்குப் பழக்கிவிட்டார். அவர் வாயால் சொல்வதைவிட அவர் கட்டும் நூலையே அவர்கள் நம்பினார்கள்.

அன்று காலை சிவப்பு நூல்கண்டு தீர்ந்துபோயிருந்தது. மனைவி வாங்கிவரப் புறப்பட்டார். அவர் தெருமுனையைக் கடப்பதற்கும் எதிர்ப்புறம் பேருந்து வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அதன் நடத்துநர், தோளில் பையுடன், சாலையைத் தாண்டி ஓடிவந்தார்.

“அண்ணே, அக்காவுக்கு முட்டி வலி. தையல் மிஷின் மிதிச்சு மிதிச்சு ரெண்டு முட்டியும் வீங்கிக் கிடக்கு. அதோட இன்னொண்ணும் கேக்கச் சொல்லுச்சு…”

பம்பரம் அதற்குள் ஆமணக்கு இலைகளைச் சுருட்டி வாழைநாரால் கட்டிவிட்டார். ஆமணக்கு விதையை ஒரு பிடி அள்ளித் தாளில் மடித்தார். விதையை அரைத்து, வதக்கிய இலையில் தடவி, இளஞ்சூட்டுடன் முட்டியில் கட்டுவது அவர் கடையின் பழைய முறை. நூலுக்குக் கை நீண்டது. சிவப்பு இல்லை. வெள்ளையை எடுத்துச் சுற்றினார். வாயால் சொல்லிவிடலாம் என்று எண்ணினார். ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அழுத்தினார். “இவன் ஒருத்தன், பெத்த பிள்ளைக்குப் பால் வாங்கப் போறவன் மாதிரி,” என்று திட்டிக்கொண்டே நடத்துநர் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினார். “மேலுக்கு!” என்று பம்பரம் கத்தியது ஒலிப்பானின் ஓசைக்குள் போய்விட்டது. அடுத்த வாடிக்கையாளர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார், சொல்லாமல் விட்டது நினைவிலிருந்தும் நழுவியது.

உச்சிவேளையில் மனைவி சிவப்பு நூல்கண்டுடன் வந்தார். அதை ஆணியில் மாட்டியபடியே, “நான் போனப்பறம் மேலுக்குன்னு எதுவும் கட்டலையே?” என்று இயல்பாகக் கேட்டார்.

பம்பரத்தின் கை இழுப்பறையிலேயே நின்றது.

“ஆமணக்கு விதை. வெள்ளை நூல்ல.”

“யாருக்கு?”

“நடத்துநரோட அக்காவுக்கு. நான் சொன்னது அவன் காதுல விழல.”

மனைவி மிதிவண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

அக்காவின் வீடு எங்கே என்று பம்பரத்துக்குத் தெரியாது. அந்த அம்மாள் கடைக்கு எப்போதாவது வருவார். வலது கை விரலில் எப்போதும் தையற்காரரின் உலோகக் கூடு இருக்கும். அவ்வளவே அவர் அறிந்தது. பேருந்து நிலையத்துக்கு மிதித்தார். நேரக் காப்பாளர் ஜன்னலுக்குப் பின்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“வண்டி வந்துகிட்டிருக்கு. உக்காருங்க.”

“அவர் போன் நம்பர் கொடுங்க.”

“ஓடுற வண்டியில நடத்துநர் போன் எடுத்தா அவர் வேலை போகும். எடுக்கலைன்னா உங்க உயிர் போயிடுமா?”

“என் உயிர் இல்லைங்க,” என்றார் பம்பரம். அவர் குரலைக் கேட்ட நேரக் காப்பாளர் குவளையைக் கீழே வைத்துவிட்டு நடத்துநரை அழைத்தார். மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. பம்பரம் நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். உள்ளே நுழைந்த ஒவ்வொரு பேருந்தின் பலகையையும் ஓடிப்போய்ப் பார்த்தார். காத்திருந்த பயணி ஒருவர், “ஐயா, நீங்க நடக்கிற நடைக்கு நேரா வீட்டுக்கே போயிருக்கலாம்,” என்றார்.

பேருந்து வந்து நிற்குமுன்பே படியில் தொற்றிக்கொண்டார். நடத்துநர் சிரித்தார். “என்னண்ணே, டிக்கெட் எடுக்காமலா?”

“பொட்டலம் எங்கே?”

“அப்பவே கொடுத்தாச்சே! தண்ணித்தொட்டி நிறுத்தத்துல அக்கா வந்து வாங்கிட்டுப் போச்சு. ஏன்?”

“அது தின்னக்கூடாது. நஞ்சு. அக்காவைக் கூப்பிடு.”

நடத்துநரின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. பலமுறை அழைத்தும் பதில் இல்லை. “போனை அலமாரியில வெச்சுப் பூட்டிடும், அண்ணே. திருடன் வந்தா தூக்கிட்டுப் போயிடுவானாம். கூப்பிட்டா திருடனுக்குத்தான் கேக்கணும்.” பேசிக்கொண்டே மறுபடி அழைத்தார். “அக்காவுக்கு ரெண்டு நாளா வெளிக்குப் போகல. அதுக்கும் மருந்து கேக்கச் சொல்லுச்சு. அதைத்தான் நான் காலையில சொல்ல வந்தேன்.”

இலை முட்டிக்கு என்பது எவருக்கும் தெரியும். மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் என்பதும் தெரியும். அந்த எண்ணெயின் விதை, வெள்ளை நூலில் வந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அவர் கற்பித்த பாடத்தின்படி அதற்கு ஒரே பொருள்தான் உண்டு.

நடத்துநர் தம் பையை நேரக் காப்பாளரிடம் எறிந்தார். இருவரும் வாடகை வண்டியில் ஏறினார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் பம்பரம் கதவைத் திறந்து இறங்கப் போனார். நடத்துநர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

சலவைக்கடைக்குப் பின்னால், மாடியில் இருந்தது அந்த வீடு. படியேறும்போதே தையல் இயந்திரத்தின் ஓசை கேட்டது. அதைக் கேட்ட நடத்துநருக்கு மூச்சு வந்தது. அக்கா பள்ளிச் சீருடைகளின் குவியலுக்கு நடுவே, முட்டிகளில் இலையைக் கட்டிக்கொண்டு, மிதித்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, வேலை நேரத்துல? பஸ்ஸை எங்கேயாவது தொலைச்சுட்டியா?”

“அக்கா, பொட்டலத்துல இருந்த விதை எங்கே?” என்று கேட்டார் பம்பரம்.

“வயித்துல.”

“மென்னீங்களா, முழுங்கினீங்களா?”

“கதவிடுக்குல வெச்சு உடைச்சு, சக்கரையைத் தொட்டுக்கிட்டு மென்னேன். வேர்க்கடலை கெட்டுது போங்க! என் பல்லு இன்னும் இரும்பு, தம்பி.”

ஓட்டோடு முழுதாக விழுங்கியிருந்தால் அது அப்படியே வெளியேறிவிடவும் வாய்ப்புண்டு. மென்றால் நஞ்சு உடலில் கலந்துவிடும். பம்பரம் அவசரமாகக் கேட்டார்: “எத்தனை?”

“எண்ணிக்கிட்டா தின்பாங்க? கொஞ்சந்தான். மீதியை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன், அவளுக்கும் அதே தொல்லை.”

சொல்லி முடிப்பதற்குள் பம்பரம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். திறந்த பெண்மணி திகைத்து நின்றார். விதைகள் ஜன்னல் விளிம்பில், ஒரு கிண்ணத்தில், தொடப்படாமல் இருந்தன. “சாப்பிட்டப்புறம் எடுத்துக்கலாம்னு வெச்சேன்,” என்றார் அவர். பம்பரம் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு திரும்பினார், “கிண்ணம், கிண்ணம்!” என்ற குரல் பின்னால் வந்தது.

அக்கா இடத்தைவிட்டு அசையவில்லை.

“எண்ணெயைக் குடிக்கிறோமே, அப்ப எங்கே போச்சு உங்க நஞ்சு?”

“எண்ணெயில அது இறங்காதுக்கா. பிழிஞ்ச சக்கையிலேயே தங்கிடும். எண்ணெயைச் சூடு காட்டி வேற எடுக்கிறாங்க. நீங்க சக்கையோட சேத்து மென்னிருக்கீங்க.”

“எனக்கு ஒண்ணுமே செய்யலையே. கல்லு மாதிரி இருக்கேன்.”

“இப்ப செய்யாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் செய்யும். அதுதான் பயமே. ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“நாளைக்கு இத்தனை சட்டைக்கும் பித்தானுக்குக் காஜா எடுத்தாகணும். நீங்க ஒரு ஆளு, சும்மா இருக்கிறவளை நோயாளி ஆக்குறீங்க. போற வழிக்குப் புண்ணியமா, படியிறங்குங்க.” இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

பம்பரம் தரையில் உட்கார்ந்து, மிதிபலகையை இரு கைகளாலும் பிடித்து நிறுத்தினார்.

“அக்கா, தப்பு என்னுது. வெள்ளை நூல்ல கட்டினவன் நான். நான் சொல்றது பொய்யா இருந்தா நாளைக்கு வந்து இந்தக் காஜா அத்தனையும் நானே எடுக்கிறேன்.”

“உங்க கைக்கா? சட்டை போட்டவன் மூக்குல பித்தான் இருக்கும்,” என்றார் அக்கா. ஆயினும் மிதிபலகையை விடாமல் பற்றியிருந்த அவர் கைகளைப் பார்த்தார். பிறகு விரலிலிருந்த உலோகக் கூட்டைக் கழற்றி வைத்தார். “டேய், அந்த விளக்கை அணை. கரண்ட்டு சும்மாவா வருது?”

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். பம்பரம் கிண்ணத்தை மேசைமேல் வைத்து, எந்த விதை, எப்போது தின்றது, எப்படித் தின்றது, யார் கொடுத்தது என்பதை வரிசையாகச் சொன்னார். ‘யார்’ என்ற இடத்தில் மட்டும் தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். மருத்துவர் விதையைப் பார்த்ததும் செவிலியரை அழைத்தார்.

“நல்லாத்தானே இருக்கேன், டாக்டர்?” என்றார் அக்கா.

“நல்லா இருக்கும்போதே வந்தீங்க, அதுதான் நல்லது. இந்த நஞ்சுக்குன்னு மாற்று மருந்து கிடையாது. உடம்புல நீர் வத்தாம, ரத்த அழுத்தம் இறங்காம நாங்க பாத்துக்கணும். சில நாள் இங்கேதான்.”

கரித்தூள் கரைசல் கொடுத்தார்கள். “அடுப்புக்கரியைத் தின்ன இவ்வளவு தூரம் வரணுமா?” என்று கேட்டுக்கொண்டே குடித்தார் அக்கா. கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்கள். மாலை வரை அவர் கட்டிலில் சாய்ந்தபடி, செவிலியரின் சீருடைத் தையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நடத்துநர் பம்பரத்தை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். வீண் கலவரமோ என்ற ஐயம் அந்தப் பார்வையில் இருந்தது. பம்பரத்துக்கும் அந்த ஆசை வந்தது. தாம் மூடன் என்று தெருவே சிரிக்கட்டும். அது போதும் என்று வேண்டிக்கொண்டார்.

விளக்கேற்றும் வேளையில் அக்காவின் பேச்சு பாதியில் நின்றது. வாந்தி தொடங்கியது, பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு அதில் இரத்தம். திரையை இழுத்து மூடினார்கள். பம்பரம் தாழ்வாரத்தில் நடந்தார். சுவர் வந்ததும் திரும்பினார், மறுபடி சுவர். உள்ளே ஏதோ உலோகத் தட்டு விழுந்தால் நின்றார். காலடி கேட்டால் நின்றார். தொலைபேசியில் அழைத்த மனைவியிடம், “இருக்காங்க,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முழுதும் அக்காவின் இரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. அதற்கும் மறுநாள் பகலில்தான் மருத்துவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். “சிறுநீர் சரியாப் போகுது. வாந்தி நின்னுடுச்சு. தேறிட்டாங்க,” என்றார். நடத்துநர் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார்.

மருந்தால் நேர்ந்த நஞ்சு என்பதால் காவல் நிலையத்துக்கும் மருந்துத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கடைக்காரர்மேல் என்ன எழுதுவது என்று அக்காவிடமே கேட்டார். நடத்துநர் குறுக்கிட்டார்: “வேண்டாம்க்கா, அண்ணன் பாவம்.”

அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீ சும்மா இருடா. டாக்டர், எழுதுங்க. இந்த ஆளுதான் கொடுத்தாரு. நான்தான் தின்னேன். இந்த ஆளேதான் இழுத்துக்கிட்டு வந்தாரு. மூணையும் எழுதுங்க. ஒண்ணை எழுதிட்டு ஒண்ணை விட்டுடாதீங்க.”

பம்பரம் கைகூப்பினார்.

“கும்பிடாதீங்க. எனக்கு இன்னும் கோபம் தீரல,” என்றார் அக்கா.

அதிகாரிகள் வந்தார்கள். விதைச் சாடியை எடுத்துச் சென்றார்கள். கடை சில வாரம் மூடிக் கிடந்தது. இனி இலையும் எண்ணெயும் உண்டு, விதை எந்தக் காரணத்துக்கும் கிடையாது என்று பம்பரம் தாமாகவே எழுதிக் கொடுத்தார். மூடிக் கிடந்த அந்த நாட்களில் அவர் வீட்டில் தங்கவில்லை. அக்கா வீடு திரும்பி, காஜா எடுத்து, எதிர்வீட்டுக்காரியுடன் கிண்ணத்துக்காகச் சண்டையும் போட்டு முடித்த பின்னரும், அவர் மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டிருந்தார். மருத்துவர் வெளியே வந்தால் கூடவே நடந்தார்.

“கடைசியா எடுத்த ரத்தப் பரிசோதனை, டாக்டரம்மா?”

“நேத்தே சொன்னேனே. சிறுநீரகம், ஈரல் எல்லாம் நல்லா இருக்கு. அவங்க முழுசா நல்லா இருக்காங்க.”

“ஆமா, சொன்னீங்க,” என்றார் பம்பரம். மருத்துவர் இரண்டு படி இறங்குவதற்குள் மறுபடி எதிரே போய் நின்றார். “இன்னொரு தடவை சொல்லுங்க.”